வெள்ளை ஆலா என்றொரு வெடி

காசிராஜனுக்கு மகள் நினைப்பு வந்துவிட்டால் கை சும்மா இருக்காது. 'வாம்மா, உன்னைப் பார்க்கணும் போல இருக்கு' என்று ஒரு வார்த்தை சொன்னால் காரியம் முடிந்தது. அதுதான் அவருக்கு வராது. சிவகாசியில் நாற்பது வருஷமாகப் பட்டாசுக் கம்பெனி நடத்துகிறவர். வடநாட்டு வியாபாரியிடம் அவன் பாஷையிலேயே சண்டை போடுவார். பெற்ற பிள்ளையிடம் மட்டும் "சாப்பிட்டியா?" என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

மகள் பிரீத்திகா இருப்பது செஷல்ஸ் தீவுகள் பக்கத்துக் கடலில். பாய் விரித்து ஓடும் சின்னக் கப்பல். விரல்விட்டு எண்ணக்கூடிய பயணிகள். ஆள் நடமாட்டம் இல்லாத தீவுகளுக்கு அவர்களைக் கூட்டிப் போய், ராட்சச ஆமைகளையும் கடற்பறவைகளையும் காட்டி விளக்குவது அவள் வேலை. விலங்கியல் படித்த கையோடு கிளம்பிப் போனாள். போகிற அன்று காசிராஜன், "அம்புட்டுப் படிப்பும் ஆமை மேய்க்கவா?" என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். அவளுக்கு அது விளையாட்டாகப் படவில்லை. அதற்குப் பிறகு மூன்று தீபாவளி போய்விட்டது, அவள் வீட்டுக்கு வரவில்லை.

அந்தத் தீவுகளில் டவர் கிடையாது. கப்பல் துறைமுகத்துக்குத் திரும்பும்போது படங்கள் மொத்தமாக வந்து விழும். இந்தப் பங்குனியில் வந்தவற்றில் ஒன்றைக் காசிராஜன் திரும்பத் திரும்பப் பார்த்தார். பால் வெள்ளையில் ஒரு சின்னப் பறவை, மை தீட்டியது மாதிரி கண், மரக்கிளையில் உட்கார்ந்திருந்தது. 'வெள்ளை ஆலா. என் செல்லம்' என்று கீழே எழுதியிருந்தாள்.

அதைப் பார்த்தவர் என்ன செய்திருக்கலாம்? ஒரு போன் போட்டிருக்கலாம். இவர் லேபிள் வரைகிற புகழேந்தியைக் கூப்பிட்டனுப்பினார்.

"இந்தப் பறவையைப் பெட்டி மேல போடணும் புகழேந்தி. புது அயிட்டம். வெள்ளை ஆலான்னு பேரு. வானத்துல போயி வெள்ளையா விரிஞ்சு, படபடன்னு வெடிக்கும்."

"ரொம்பச் சாதுவா இருக்கே அண்ணாச்சி. கழுகு போடுவமா? வெடிக்கு எடுப்பா இருக்கும்."

"எம்மக அனுப்புன படம்ல இது. இதையே போடு."

அவர் போட்ட திட்டம் அப்படி. அந்த வீட்டில் எந்தப் புது வெடி வந்தாலும், கம்பெனிக்குப் பின்னால் இருக்கிற பொட்டலில் முதல் திரியைப் பிரீத்திகாதான் பற்றவைப்பாள். பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு, பற்றவைத்ததும் ஓடிவந்து அப்பாவின் காலைக் கட்டிக்கொள்வாள். கல்லூரிக்குப் போன பிறகும் அந்த ஓட்டம் நிற்கவில்லை. காலுக்குப் பதில் கையைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். இப்போது யார் யாரோ பற்றவைக்கிறார்கள். காசிராஜன் அந்தப் பக்கமே போவதில்லை. தன் பறவையைப் பெட்டியில் பார்த்தால் மகள் ஓடி வந்துவிடுவாள் என்று அவர் மனதார நம்பினார்.

"பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?" என்றாள் அவர் மனைவி ஆவுடைத்தாய்.

"பாத்தா அவளே வருவா, பாரு."

"கூப்பிடுங்கன்னா வெடி செய்றாக, வெடி" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

மாதிரிப் பெட்டி வந்த அன்றே படம் எடுத்து அனுப்பினார். 'தீபாவளிக்கு நீதான் முதலில் பற்றவைக்க வேண்டும்' என்று எழுதினார். கப்பல் அப்போது கடலில் இருந்தது. அன்றிலிருந்து மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆர்டர் பேச வந்தவர்களிடம் பாதிப் பேச்சில் போனை எடுத்துப் பார்த்தார்.

ஒரு மத்தியானம் பஜார் ஆபீசில் இருந்தபோது திரையில் மகள் வந்தாள். வெயிலில் கறுத்து, மெலிந்திருந்தாள்.

"பெட்டியைப் பாத்தியா பாப்பா?"

"பாத்தேம்ப்பா." அவள் கண் கலங்கியிருந்தது. சந்தோஷத்தில்தான் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

"அப்பா, அந்தப் பறவை கூடு கட்டாது. வெறுங்கிளையில ஒத்தை முட்டை வச்சு, அதுமேல அசையாம உக்காந்திருக்கும். பதறி எந்திரிச்சா முட்டை கீழ விழுந்துரும். நாங்க அந்தத் தீவுல இறங்குனா கைகூடத் தட்ட மாட்டோம். அதைப் போயி வெடி மேல போட்டிருக்கீக."

காசிராஜன் மேசையில் இருந்த மாதிரிப் பெட்டியைக் கையில் எடுத்தார். எத்தனை தடவை பார்த்த படம்! கிளையில் கூடு இல்லை என்பது அவர் கண்ணில் படவேயில்லை.

"எனக்கென்ன தெரியும் பாப்பா. படத்தை மாத்திருவோம், பேரையும் மாத்திருவோம்."

"எதுக்குப்பா செஞ்சீக?"

"நீ வருவேன்னு."

சொல்லிவிட்டார். சொன்ன பிறகு மற்றதும் தானாக வந்தது. "நீ இல்லாம நான் பொட்டல் பக்கமே போறதில்லை. உன்னையப் பாக்கணும் தாயி. வேற எப்பிடிக் கூப்பிடணும்னு தெரியலை."

அவள் அழுதாள். அழுகைக்கு நடுவே சிரித்தாள். "இதைச் சொல்ல ஒரு வெடி வேணுமாப்பா?"

"தீபாவளிக்கு வந்துரு."

"முடியாதுப்பா. அப்பத்தான் இங்கன கடல் அமைதியா இருக்கும். எங்களுக்குச் சீசன்."

சீசன் என்ற பிறகு மறுத்துப் பேசச் சிவகாசிக்காரருக்கு வாய் ஏது? அவள் பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கும் பட்டம் வாங்கிய நாளுக்கும் அவர் சொன்ன பதில் அதுதானே. சொன்னபோது அந்தப் பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும் என்பது இப்போதுதான் நெஞ்சில் இறங்கியது.

"நீங்க வாங்கப்பா. தீபாவளி முடிஞ்சா கம்பெனி லீவுதானே. அம்மாவையும் கூட்டிட்டு வாங்க."

அவர் பெட்டி மேல் இருந்த பறவையைப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் சத்தத்தை விற்றவர்.

"நான் வந்தா அது பயந்துக்கிறாதா பாப்பா?"

"இல்லப்பா. நீங்க சும்மா நின்னாப் போதும். அதுவே பறந்து வந்து மூஞ்சிக்கு நேரா நின்னு பாக்கும்."

"நிக்கிறேன்" என்றார் காசிராஜன். "எம்புட்டு நேரம்னாலும் நிக்கிறேன் தாயி."