மூணாம் நம்பர் லைட்டு

எனக்குக் கோவம் வந்தா கண்ணு மண்ணு தெரியாது. "கோமளவல்லி சிஸ்டர் வராங்க, வாய மூடு"ன்னு ஆஸ்பத்திரியே அடங்கும். அதுல எனக்குப் பெருமை வேற. தூ!

எண்பத்தாறாம் வருஷம். ஆயுத பூஜ முடிஞ்சு எட்டாம் நாளு. திருவாலங்காட்டுப் பக்கம் கரும்புல காஞ்ச சோகை உரிச்சிகினு இருந்த தாயம்மாள நல்ல பாம்பு கடிச்சிடுச்சி. புருஷன் வீரபத்திரன் டிராக்டர்ல போட்டுத் திருத்தணியில எங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்தான். விஷத்துக்கு ஊசி போட்டும் அவளுக்கு இமை தொங்கிப்போச்சு, மூச்சும் கொறஞ்சிகினே வந்துது. டாக்டர் மணவாளன் தொண்டையில குழாய விட்டு, ரப்பர் பைய மாட்டி, வீரபத்திரன் கையில குடுத்தாரு.

"அமுக்கிகினே இரு. நீ நிறுத்தினா அவ மூச்சு நின்னுடும்."

மூச்சு குடுக்கற மிஷினு ஒண்ணு எங்ககிட்ட இருந்துது. வாங்கி மூணு மாசம், இன்னும் ஒருத்தருக்கும் போடல. சுவிச்ச போட்டேன். ரெண்டு தடவ புஸ்ஸுன்னுது. மணி அடிச்சுது, மூணாம் நம்பர் சிவப்பு லைட்டு எரிஞ்சுது, அவ்ளோதான், நின்னுபோச்சு.

மிஷினோட வந்த புஸ்தகத்த டாக்டர் பொரட்டினாரு. "மூணுன்னா காத்து போற வழியில அடைப்பு. குழாய பாருங்க சிஸ்டர்."

ஒவ்வொரு குழாயா கழட்டி ஊதினேன். எல்லாம் சுத்தம். மறுபடி போட்டேன். மறுபடி மூணு.

வாசப்படிகிட்ட வாளியோட ஆயா கன்னியம்மா நின்னுகினு இருந்தா. எனக்கு உச்சந்தலைக்கு ஏறிப்போச்சு.

"தண்ணிய உட்டுக் கெடுத்துட்டியேடி பாவி! லட்ச ரூபா மிஷினு!"

"நான் தொடவே இல்லீங்க சிஸ்டர். நீங்கதானே தொடாதன்னீங்க."

"எதுத்து வேற பேசறியா? இந்தப் பொம்பள செத்தா அந்தப் பாவம் உன் தலையிலதான்!"

எல்லார் எதிர்லயும் சொன்னேன். வீரபத்திரன் பைய அமுக்கிகினே அவள மொறைச்சான். ஒரு மணி நேரமா அமுக்கறான், வேகம் கொறஞ்சிகினே வருது. தாயம்மா ஒதடு கறுத்துகினு வந்துது.

டாக்டர் புஸ்தகத்துல இருந்த படத்த எங்கிட்ட நீட்டினாரு. "வெளிக்காத்த இது எங்கிருந்து இழுக்குதுன்னு பாருங்க. முன்பக்கம், நடுவுல, ரூபா காசு அளவுக்கு ஒரு வலை இருக்கணும்."

பார்த்தேன். வலை இல்ல. பொட்டுதான் இருந்துது.

ஐயோ முருகா! என் பொட்டு. மலைக் கோயில்லேர்ந்து வந்த சந்தனம். ஆயுத பூஜ அன்னிக்கு, நடுவுல வட்டமா நெத்தி மாதிரி இருக்குதேன்னு, கட்டை விரலால அப்பி, மேல குங்குமம் வெச்சது இந்தக் கைதான். மறுநா துடைக்க வந்த கன்னியம்மாகிட்ட, "சாமி சந்தனம்டி, கை வெச்சேன்னா கை இருக்காது"ன்னு வெரட்டினதும் இந்த வாய்தான். அது காஞ்சு காரையாட்டம் இறுகிக் கெடந்துது.

ஊசி முனையால கண்ணு கண்ணா குத்தி எடுத்தேன். ஸ்பிரிட்டுப் பஞ்சால தேய்ச்சேன். சுவிச்ச போட்டேன். மூணாம் நம்பர் எரியல. பைய கழட்டிட்டு மிஷின் குழாய மாட்டினேன். தாயம்மா மாரு ஏறிச்சு, எறங்கிச்சு. வீரபத்திரன் வெரலு பைய உட்டுப் பிரிய மாட்டேன்னுது, டாக்டர்தான் ஒண்ணொண்ணா பிரிச்சு உட்டாரு.

கை காலியானதும் அவன் நேரா கன்னியம்மாகிட்ட போனான். "என் பொண்டாட்டிய கொல்லப் பார்த்தியே!"ன்னு கைய ஓங்கிட்டான்.

நான் நடுவுல பூந்தேன். "அவ இல்லப்பா. நான்தான். அந்தப் பொட்ட வெச்சவ நான்."

ஓங்கின கை அப்பிடியே நின்னுது. "நீங்களா?"ன்னான். அடிச்சிருந்தா வாங்கிகினு இருப்பேன். அவன் போயி பொண்டாட்டி கால புடிச்சிகினு ஒக்காந்துட்டான்.

"மன்னிச்சுக்கடி கன்னியம்மா"ன்னேன். "ஆங்"ன்னுட்டு வாளிய தூக்கிகினு போயிட்டா. எம்மூஞ்சிய பாக்கல.

தாயம்மா நாலாம் நாளு தானா மூச்சு விட்டா. பத்தாம் நாளு நடந்தே வீட்டுக்குப் போனா.

மறு வருஷம் ஆயுத பூஜைக்குப் பழக்கதோஷத்துல சந்தனக் கிண்ணத்த எடுத்துகினு அந்த ரூம்புக்குள்ள போனேன். மிஷினுக்கு முன்னாடி கன்னியம்மா நின்னுகினு இருந்தா, இடுப்புல கைய வெச்சிகினு.

"இந்தாண்ட வந்தீங்க, மருவாத கெட்டுடும் சிஸ்டர்."

வாய மூடிகினு திரும்பி வந்துட்டேன்.