தம்பியின் மார்பளவு

1

இந்தக் கதையை நான் திருடினேன். தையல்கடை அக்கா நூல் வாங்கப் பக்கத்துக் கடைக்குப் போய்த் திரும்பிய நாலு நிமிடத்தில், அவருடைய அளவு நோட்டிலிருந்து.

சட்டையின் கை நீளத்தைக் குறைக்கக் கொடுத்திருந்தேன். அதை வாங்கப் போன இடத்தில் மேசைமேல் நோட்டு விரிந்து கிடந்தது. மற்றப் பக்கங்களில் ஆளுக்கு ஒரே ஒரு முறை எடுத்த அளவு. தோள், கை, இடுப்பு என்று வரிசையாக. இந்தப் பக்கத்தில் பெயர் எழுதும் இடத்தில் ‘தம்பி’ என்று மட்டும் இருந்தது. கீழே வாரம் தவறாமல் மார்பளவு: 41, 41½, 42, 42¾, 43½. வளர்ந்து முடிந்த ஆம்பிளைக்கு ஐந்து வாரத்தில் மார்பு இரண்டரை இஞ்ச் ஏறாது. அந்த அளவுக்கு எனக்கும் விவரம் உண்டு.

“என்ன சார், கண்ணு அங்க போகுது?” நூல்கண்டோடு வந்து நின்றார்.

“சும்மாதான்க்கா.”

“என் தம்பி. ஆணழகன் போட்டிக்கு ரெடியாகுறான். பன்னெண்டு வாரம் கழிச்சுப் போட்டின்னு ஆரம்பிச்சான். இன்னும் ஏழு வாரம் இருக்கு.”

நோட்டை மூடிவிட்டார். அவர் சொன்னது அவ்வளவுதான். மீதியை நான் கட்டினேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

“ஊசி போட்டுக்கொள்ளும்போது அவன் தன் தொடையைப் பார்ப்பதில்லை. ஜன்னலுக்கு வெளியே”

அடித்துவிட்டேன். ஸ்டீராய்டு ஊசியோடு ஆரம்பித்தால் வாசகர்கள் இரண்டாவது வரியிலேயே அவனுக்குப் புத்தி சொல்லக் கிளம்பிவிடுவார்கள். உங்களைத்தான் சொல்கிறேன்.

இரண்டாவது தொடக்கம்:

“ஆறு வேளை. உப்பில்லாத கோழி, மஞ்சள் கரு எடுத்த முட்டை, தராசில் நிறுத்த சோறு”

இது ஜிம் சுவரில் ஒட்டிய அட்டவணை மாதிரி இருந்தது. இதுவும் போயிற்று.

மூன்றாவது நின்றது: “புதன்கிழமை மதியம் அவன் தையல்கடைக்கு வந்து சட்டையைக் கழற்றிக் கையைத் தூக்கினான்.”

3

அவனுக்கு ஒரு வேலை கொடுக்கவேண்டியிருந்தது. கண்ணாடி அறுக்கும் கடையில் சேர்த்துவிட்டேன். நாள் முழுக்க நாலு பக்கமும் நிலைக்கண்ணாடிதான். அப்படிப்பட்டவன் கண்ணாடியை நம்பமாட்டான். காலை வெளிச்சத்தில் ஒரு உடம்பு, டியூப் லைட்டில் வேறு உடம்பு. எடை மெஷினையும் நம்பமாட்டான். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தால் அது ஏமாறும். அவன் நம்புவது அக்கா கையில் இருக்கும் டேப்பை மட்டும்.

அந்த ஒரு எண்ணை வைத்துத்தான் வாரம் முழுக்க ஓடும். சோற்றில் எத்தனை கிராம் கூட்டுவது, நெஞ்சுக்கும் முதுகுக்கும் எத்தனை செட், ஊசி எவ்வளவு, எல்லாம் அந்த எண் சொல்லும்.

டாக்டர் இரத்தம் எடுத்துப் பார்த்தார். இரத்தம் தடித்திருக்கிறது, இருதயச் சுவரும் தடித்திருக்கிறது, இன்றே நிறுத்து என்றார். ரிப்போர்ட்டை அக்கா படித்துவிட்டார்.

“போட்டி முடியட்டும்க்கா. அப்புறம் நீயே சொன்னாலும் தொடமாட்டேன்.”

(குறிப்பு: டாக்டரை நான் கதையில் சேர்த்தது ஒரு வசதிக்காக. யாராவது ஒருவர் உண்மையைச் சொல்ல வேண்டுமே.)

அன்று அளவெடுக்கும்போது, மார்பைச் சுற்றிய டேப் அக்காவின் விரல்களுக்கு நடுவே துடித்தது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல்தான் நின்றான். டேப் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. எத்தனையோ ஆயிரம் பேருக்கு அளவெடுத்த கை அது. அப்படி ஒரு துடிப்பை அவர் பார்த்ததில்லை. தம்பி செத்துப்போவான் என்று அவருக்கு அப்போது தெரிந்துவிட்டது.

4

அக்காவை என்ன செய்ய வைப்பது? அழவைக்கலாம், சத்தியம் வாங்கவைக்கலாம். ஊசி மருந்தைக் கழிவறையில் கொட்டவைக்கலாம். அவன் வேறு வாங்கிக்கொள்வான். அவரிடம் உருப்படியாக இருப்பது ஒன்றுதான். எண்ணை மாற்றிச் சொல்லலாம்.

அ. கூட்டிச் சொல்கிறார். நாற்பத்து நாலு இருக்கிறது, நாற்பத்து நாலரை என்கிறார். போதுமென்று நிறுத்துவான் என்ற நப்பாசை. அவன் சிரிக்கிறான். “பாத்தியாக்கா, மருந்து பிடிச்சிருச்சு.” ஊசியைக் கூட்டுகிறான்.

ஆ. குறைத்து, நாற்பத்து மூணு என்கிறார். பலனில்லை என்று விட்டுவிடுவான் என்ற கணக்கு. அவன் முகம் தொங்குகிறது. “அப்ப பத்தல.” ஊசியைக் கூட்டுகிறான்.

இ. உள்ளதைச் சொல்கிறார். அவன் தலையாட்டிவிட்டு ஊசியைக் கூட்டுகிறான்.

மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். எந்த எண்ணைக் கொடுத்தாலும் பயல் ஒரே இடத்துக்குத்தான் போகிறான். இவனைப் படைத்தவன் நான். என் பேச்சையே கேட்கமாட்டேன் என்கிறான். சரி, போகட்டும் என்று ‘அ’வை வைத்துக்கொண்டேன்.

5

அடுத்த வாரம் ஒரு கால்சட்டையைச் சாக்காக எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். நோட்டு விரிந்திருந்தது. கடைசி வரி: 44½.

தற்செயல். வாராவாரம் ஏறுகிற எண் வேறு எங்கே போகும்? அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் ‘அ’வை அடித்துவிட்டு ‘ஆ’வுக்கு மாறினேன். சோதித்துப் பார்க்க என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறுவாரம் போனபோது 44½ அடிக்கப்பட்டு, அதன் தலைமேல் 43 என்று இருந்தது. அவரே சொன்னார்.

“போன தடவை தப்பாச் சொல்லிட்டேன்னு அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன் சார். ஏன் சொன்னேன்னு எனக்கே தெரியல. வாயில வந்துச்சு.”

“அவரு என்ன சொன்னாரு?”

“என்ன சொல்லுவான். டபுளா ஏத்திக்கிட்டான்.”

வீட்டுக்கு ஓடி, கதையிலிருந்து ஊசி என்ற சொல்லையே எடுத்துவிட்டேன். ஒரு இடம் விடாமல். (நீங்கள் மேலே படித்ததெல்லாம், உங்களுக்குக் கதை புரியவேண்டும் என்று திரும்பச் சேர்த்தது. சேர்த்திருக்கக் கூடாதோ என்னவோ.)

அடுத்த புதன்கிழமை மதியம் அவனையே பார்த்தேன். கடை வாசலில் பக்கவாட்டாகத் திரும்பி உள்ளே வந்தான். நான் எழுதியதைவிடப் பெரியவனாக இருந்தான். முகம் மட்டும் சின்னப் பிள்ளையின் முகம். அதை நான் எழுதவில்லை.

“அக்கா, ஒரு வாரமா ஊசி போட்ட ஞாபகமே இல்ல. தொடையில மட்டும் புதுசு புதுசா நீலம் பூக்குது. உடம்பு ஏறிட்டேதான் இருக்கு.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். அறிமுகமான ஆளைப் பார்ப்பதுபோல லேசாகத் தலையசைத்தான்.

6

எனக்கு வேண்டிய முடிவு இதுதான்: அவன் நிறுத்துகிறான். உடம்பு வடிகிறது. இத்தனை நாள் ஹார்மோன் வெளியிலிருந்து வந்ததால் அதைச் சுரக்கும் வேலையை மறந்துவிட்ட உடம்பு, அதை மெல்லத் திரும்பக் கற்கிறது. சோர்ந்து படுக்கிறான், எரிந்து விழுகிறான், உப்புப் போட்ட சோறு சாப்பிடுகிறான். அக்கா அவன் சட்டைகளை எல்லாம் பிரித்துச் சின்னதாகத் தைக்கிறார். போட்டியன்று வீட்டில் தூங்குகிறான்.

எழுதினேன். ஐந்து முறை எழுதினேன். “நிறுத்திவிட்டான்” என்று எழுதிய ஒவ்வொரு தடவையும் அடுத்த வரியில் “எவ்வளவுக்கா?” என்று கேட்டான். அந்தக் கேள்வியை நான் எழுதவில்லை என்றால் நம்புவீர்களா?

இன்னொரு முடிவும் இருக்கிறது. மேடை, விளக்கு, உடம்பெல்லாம் எண்ணெய், கையைத் தூக்குகிறான், பிறகு

இல்லை. இதை எழுதமாட்டேன். எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

7

போட்டிக்கு இன்னும் ஒரு வாரம். புதன்கிழமை, மதியம். அவன் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். அக்கா டேப்பைச் சுற்றி, முன்பக்கம் கொண்டுவந்து, இரண்டு விரலால் பிடிக்கிறார். டேப் துடிக்கிறது.

“எவ்வளவுக்கா?”

“       ”

இந்த இடத்தை வேண்டுமென்றே காலியாக விட்டிருக்கிறேன். எண் இல்லாதவரை அவர் சொல்லமாட்டார், அவன் கூட்டமாட்டான். கையைத் தூக்கியபடியே நிற்பான்; தோள் வலிக்கும், ஆனால் உயிரோடு இருப்பான். நான் கண்டுபிடித்த ஒரே வழி இது. இதோடு பேனாவை மூடிவைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

ஆனால் நீங்கள் காலி இடத்தைப் பார்த்துவிட்டீர்கள். பார்த்ததும் உங்களுக்குள் ஒரு எண் வந்தது. வரவில்லை என்று பொய் சொல்லாதீர்கள். இத்தனை நேரம் அவன் மார்பை என்னோடு சேர்ந்து அளந்தவர்தானே நீங்களும். அது கூடுதலா, குறைச்சலா, உள்ளதா, எனக்குத் தெரியாது. என்னிடம் சொல்லவும் வேண்டாம்.

அக்கா வாயைத் திறந்துவிட்டார்.