பதிவு எண் வரும்வரை

வீடு விற்றுக்கொடுக்கும் முகவர்களுக்குச் சட்டம் எழுதியவர்கள் நெரிடா டொரிசியைப் பார்த்திருந்தால் கொஞ்சம் இரக்கம் காட்டியிருப்பார்கள். முகவராகப் பதிவுச் சான்றிதழ் வரும்வரை அவள் கதவைத் திறந்துவிடலாம், வந்தவர் பெயரை எழுதிக்கொள்ளலாம். விலை, கூரை, வெள்ளம் என்று எதைப் பற்றியும் வாய் திறக்கக் கூடாது. மூச்சு விடலாம், அதுவும் பெருமூச்சாக இல்லாதவரை நல்லது.

எட்டு வருடம் கொட்டகையில் வாழைத்தார் கழுவியவள், நாற்பத்தொரு வயதில் சமையலறை மேசையில் முகவர் தேர்வுக்குப் படித்துத் தேறியிருந்தாள். விண்ணப்பம் போய் ஐந்து வாரம். இடையில் வாய் தவறினால் புகார் வரும், விண்ணப்பம் அம்பேல், அப்புறம் மறுபடி வாழைத்தார்தான்.

அந்த வெள்ளிக்கிழமை இன்னிஸ்ஃபெயிலில் தூறல். உயரக் கால்கள்மேல் நிற்கும் பழைய மரவீட்டைப் பார்க்க மெல்பர்னிலிருந்து கிரேமும் அவர் மனைவி ஜாஸ்லினும் பதினொரு மணிக்கே வந்துவிட்டார்கள். மதியம் கெய்ன்ஸில் அவர்களுக்கு விமானம். பேச வேண்டிய முதலாளி மெர்வைத்தான் காணோம். ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் ரயில் தடம் புரண்டு சாலையை மறித்துக் கிடக்கிறதாம். தான் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருக்கச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

கிரேம் கூரை ஒழுகுமா என்று கேட்டார். மெர்வ் வந்து சொல்வார் என்றாள். ஜாஸ்லின் வெள்ளத்தைப் பற்றிக் கேட்டாள். அதற்கும் மெர்வ். நெரிடா வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். பேனாவை மூடித் திறந்தாள். போனைத் தேய்த்துத் தேய்த்து மின்னஞ்சல் பார்த்தாள்.

“ஏங்க, இந்த வீட்டப் பத்தி உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதா?” என்றாள் ஜாஸ்லின்.

நெரிடா பிறந்ததே மூன்று வீடு தள்ளி. முன்பல்லை உடைத்துக்கொண்டது இந்த வீட்டுப் படியில். மீதிப் பல்லால் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கிரேம் கார்ச் சாவியைக் கையில் எடுத்தபோது அவள் போன் சிணுங்கியது. பதிவு எண். அவள் பெயர். இன்றைய தேதி. மூன்று முறை படித்தாள்.

“இருங்க, போயிடாதீங்க.” முக்கால் மணி நேரமாக அடைத்து வைத்தது மொத்தமாகக் கொட்டியது. “வெள்ளம் மூணாவது படி வரைக்கும் வந்துச்சு, நானே பாத்தேன். தகரக் கூரை ஒழுகாது. ஆனா பெருமழை அடிச்சா பக்கத்துல புருஷன் பேசுறது காதுல விழாது.”

“அது நல்லதுதானே,” என்றாள் ஜாஸ்லின்.

“டிசம்பர் மழையில மரம் ஊதிப்போயி குளியலறைக் கதவு மூடாது.”

முழங்கால்வரை சேற்றோடு வாசலில் வந்து நின்ற மெர்வ் கடைசி இரண்டையும் கேட்டுவிட்டார். அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: “விக்க வந்தியா, விரட்ட வந்தியா?”

நல்லதாக எதுவுமே இல்லையா என்று கிரேம் கேட்டார்.

நெரிடா வீட்டின் பின்பக்கம் கை காட்டினாள். “சாயங்காலம் நாலு மணிக்கு, பின்பக்க வராந்தாவுக்கு ஆத்துக் காத்து வரும். எந்த மாசமானாலும் வரும்.”

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜாஸ்லின் விமானக் கம்பெனிக்குப் போன் போட்டு, பயணத்தை இரவுக்கு மாற்றச் சொன்னாள்.

நான்கு மணிக்கு இன்னும் பத்து நிமிடம். நால்வரும் பின் வராந்தாவில். தூறல் விட்டிருந்தது, வேலியோர வாழையில் ஓர் இலைகூட அசையவில்லை.

“வரலன்னா?” என்றார் மெர்வ், பக்கவாட்டில்.

“வரும், மெர்வ்.”

சொல்லிவிட்டாளே தவிர உட்கார முடியவில்லை. படியிறங்கி வேலிக்குப் போய் ஆற்றைப் பார்த்து நின்றாள். நெற்றியில் ஒரு முடி லேசாகப் புரண்டது. காற்றா, தன் பெருமூச்சா என்று தெரியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். முடி மறுபடியும் புரண்டது.