கொடியில் காய்ந்த காற்சட்டை

பொலிஸ் நிலையத்து வாங்கில் பைறோஸாவுக்கு இடம் பிடித்துக் கொடுத்ததே கனகேஸ்வரிதான். "இதில இருங்கோ தங்கச்சி, அங்கால வெயில் அடிக்கும்" என்று தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். யார் யாருக்கு இடம் கொடுப்பது என்று பைறோஸா வாங்கின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு இருந்தாள். அவளுடைய புருஷன் மக்கீன் செய்த காரியத்தால்தான் கனகேஸ்வரியின் புருஷன் இரத்தினசிங்கமும் உள்ளே இருக்கிறார். அந்த மனுஷி ஒரு வார்த்தை குறை சொல்லியிருந்தாலாவது தாங்கிக்கொண்டிருக்கலாம்.

மக்கீன் செய்த காரியம் இவ்வளவுதான்: ஓர் ஈரக் காற்சட்டையைக் கொடியில் காயப்போட்டான்.

இதில் என்ன குற்றம் என்று அவர்களுடைய ஊரில் யாரைக் கேட்டாலும் முழிப்பார்கள். அது மலையடியில் ஒரு சின்ன ஊர். பக்கத்தில் இராணுவப் பயிற்சி முகாம். ஊருக்கென்று ஒரு பெயர் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் பஸ் கண்டக்டர்கள் "கேம்ப் எக்க, கேம்ப் எக்க" என்றுதான் கூவி ஆள் இறக்குவார்கள். காலையில் வெடிச்சத்தம் கேட்டுத்தான் பெண்கள் அடுப்பு மூட்டுவார்கள். சத்தம் கேட்காத நாளில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் பிந்தும். புதிதாகச் சேருகிற பொடியன்களுக்கு முகாமில் கொடுக்கிற உடுப்பு ஒன்றும் அளவாக இருக்காது. இடுப்பைப் பிடிக்கவும் காலைக் கட்டையாக்கவும் எல்லாரும் மக்கீனின் தையல் கடைக்குத்தான் வரவேண்டும். தோய்த்துக் கொடுப்பவள் பைறோஸா. பச்சையும் மண்ணிறமும் கலந்த அந்த உடுப்பு ஊரிலுள்ள எல்லாக் கொடிகளிலும் சாரத்தோடு சாரமாகத் தொங்கும். வடக்கே நடக்கிற யுத்தத்தால்தான் இங்கே தங்கள் அடுப்பு எரிகிறது என்பதைப் பைறோஸா அதிகம் யோசிப்பதில்லை. யோசித்தால் சோறு இறங்காது.

சார்ஜன்ட் பியதிலக்கவின் காற்சட்டை முழங்காலில் கிழிந்திருந்தது. ஒட்டுப் போட அதே நிறத்தில் துணி தேடி, காற்சட்டையையும் பையில் வைத்துக்கொண்டு மக்கீன் கொழும்புக்கு வந்தான். இரவு தங்கியது வெள்ளவத்தையில், இரத்தினசிங்கத்தின் மாடி வீட்டில். இரத்தினசிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர், அவர்களுடைய ஊரில் நெடுங்காலம் போஸ்ட் மாஸ்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகுதான் இங்கே வந்து சேர்ந்தார். வழியில் மழைக்கு நனைந்துபோன காற்சட்டையை, ஊரில் செய்வது போலவே, மக்கீன் பல்கனிக் கொடியில் விரித்துவிட்டுப் படுத்தான். வீட்டுக்காரர்கள் அதைக் கவனிக்கவில்லை. விடியற்புறம் ஒழுங்கையைச் சுற்றி வளைத்துத் தேட வந்தவர்கள் கவனித்தார்கள். யாழ்ப்பாணத்தார் வீட்டில் இராணுவ உடுப்புக் காய்கிறது! இயக்கத்துக்காரர் வேஷம் போடத்தான் என்று முடிவுகட்டி, இரண்டு பேரையும் அப்படியே ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

பைறோஸா முகாம் வாசலில் நின்று அழுது கெஞ்சியதில் பியதிலக்க வர ஒத்துக்கொண்டான். முகாம் வான் ஒன்று கொழும்புக்கு வருகிறது, திரும்பும்போது அவர்களையும் ஏற்றிக்கொள்ளலாம் என்றான். அவன் வருகிறான் என்பதில் அவளுக்கு வேறொரு நம்பிக்கையும் இருந்தது. ஒரு காலத்தில் ஊரில் தபால் கந்தோரில் மட்டும்தான் டெலிபோன். ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சிப் பொடியன்கள் அங்கே வரிசையில் நிற்பார்கள். பியதிலக்கவும் நின்றவன். தாயோடு கதைத்து அழுதுவிட்டு அவன் முகம் கழுவப் போவது கனகேஸ்வரியின் கிணற்றடிக்கு. அப்படிப்பட்டவன் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு சொல் சொல்லாமல் விடுவானா? ஆனாலும் காரியம் பலிக்கும்வரை பெயரைச் சொல்ல அவள் பயந்தாள். முகாமிலிருந்து ஒருவர் வருகிறார் என்று மட்டும் கனகேஸ்வரியிடம் சொல்லியிருந்தாள்.

"அப்ப நான் போய்ச் சமைச்சுக்கொண்டு ஓடியாறன்" என்று கனகேஸ்வரி எழுந்து போன சற்று நேரத்தில் பியதிலக்க வந்தான்.

இன்ஸ்பெக்டர் காற்சட்டையை மேசையில் விரித்தார். பியதிலக்க இடுப்புப் பட்டியின் உட்புறத்தில் இருந்த தன் இலக்கத்தைக் காட்டினான். இவன் எங்கள் தையல்காரன், நான்தான் கொடுத்தேன் என்றான். காரியம் அவ்வளவு சுருக்காக முடியும் என்று பைறோஸா நினைக்கவே இல்லை. உள்ளே இருந்த இரண்டு பேரையும் கூட்டிவந்தார்கள். மக்கீன் பாதி ஆளாகியிருந்தான். இரத்தினசிங்கத்தின் கண்ணாடியைப் பறித்துவிட்டார்கள் போலும், சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். பியதிலக்கவின் குரல் காதில் விழுந்ததும் அவருடைய முகம் மலர்ந்துவிட்டது.

"பியதிலக்க நேத? அம்மட்ட கொஹொமத?"

அந்த நிலையிலும் மனிதர் அவன் தாயின் சுகத்தை விசாரிக்கிறார்.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். இவரை உனக்குத் தெரியுமா என்று கேட்டார்.

பியதிலக்க மேலே சுழன்ற காற்றாடியைப் பார்த்தான். "தன்னெ நே, ஸேர்." தெரியாதாம்.

இரத்தினசிங்கத்தின் சிரிப்பு அடங்கச் சற்று நேரம் எடுத்தது. பிறகு அவரே, கண்ணாடி இல்லாததால் வேறு யாரோ என்று நினைத்துவிட்டேன், மன்னிக்கவேண்டும் என்று நல்ல சிங்களத்தில் சொன்னார். மக்கீனைப் போகச் சொல்லிவிட்டு, அவரை மட்டும் திரும்ப உள்ளே கொண்டுபோனார்கள்.

வாசலுக்கு வெளியே பைறோஸா பியதிலக்கவை மறித்தாள். அவள் வாய் திறக்குமுன் அவன் சிங்களத்தில் படபடவென்று சொன்னான்: "அக்கே, காற்சட்டை என்னுடையது, அதைச் சொல்லலாம். ஒரு தமிழரை எனக்குத் தெரியும் என்று பொலிஸில் எழுதினால் நாளைக்கு என்னை வைத்து விசாரிப்பார்கள்." சொல்லிவிட்டு வீதியின் அந்தப் பக்கம் நின்ற வானில் போய் ஏறிக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்ததா என்று அவள் பார்க்கவில்லை. பார்த்து அவனுக்காக இரக்கப்பட அவளிடம் தெம்பு இல்லை.

"நான் வரல்ல" என்றான் மக்கீன். "நான்தான் காயப்போட்ட, அவருக்கு ஒண்ணும் தெரியாதுண்டு எத்தின தரம் செல்லிட்டன். எழுதுறானுகளே இல்ல. ஐயாவ உட்டுட்டு எப்பிடிப் போற?"

"இங்க நிண்டு என்ன செய்யப் போறீங்க? இன்னொருக்காப் புடிச்சா யாரு வருவாங்க?"

அவனைத் திரும்ப உள்ளே அனுப்ப அவளுக்கு மனமில்லை, போக அவனுக்கும் தைரியமில்லை. அப்படி நிற்கும்போதுதான் கனகேஸ்வரி துணிப்பையோடு வேர்க்க வேர்க்க வந்தார்.

"மக்கீன்! விட்டிட்டாங்களே! அப்பனே முருகா." அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப இவரையும் விட்டிடுவாங்கள், என்ன? ஆர் வந்து கதைச்சது? இவரைத் தெரிஞ்ச ஆக்களெண்டால் ஒரு சொல்லுச் சொல்லட்டாம்."

மக்கீன் தலையைக் குனிந்துகொண்டான். பதில் பைறோஸாதான் சொல்லவேண்டியிருந்தது.

"யாரோ புது சார்ஜன்ட் அக்கா. உங்களத் தெரியாது."

"ஓம்... இப்ப எல்லாரும் புது ஆக்கள்தானே" என்றார் கனகேஸ்வரி.

வான் ஹோர்ன் அடித்தது. கனகேஸ்வரி பைக்குள் கையை விட்டு, கட்டியிருந்த இரண்டு சோற்றுப் பார்சலில் ஒன்றை எடுத்து நீட்டினார். "இது மக்கீனுக்கெண்டு கட்டினது. மரக்கறிதான், யோசிக்காமல் சாப்பிடுங்கோ. தூரப் பயணமெல்லே."

பைறோஸா இரண்டு கையாலும் வாங்கினாள். கனகேஸ்வரி மற்றப் பார்சலோடு படியேறினார்.

வான் காலி வீதிக்குத் திரும்பியது. முன்னாசனத்தில் இருந்த பியதிலக்க பின்னால் திரும்பவில்லை. பைறோஸாவின் மடியில் சோறு சுட்டது.