வந்த நாளும் சேர்த்தி

அக்காவின் வலது தோள்பட்டை இறுகிப்போய்க் கையைத் தூக்க விடவில்லை. இருபத்தெட்டு வருஷம் செங்கல் சுமந்தும் வராத வலி, தம்பியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுகிற நாலரை மாத வேலையில் வந்துவிட்டது. செங்கல் பேசாமல் இருக்கும். இவன் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே மொத்தப் பாரத்தையும் அவள் மேல் இறக்குவான்.

தம்பி வெளிநாட்டில் டைல்ஸ் போடுகிறவன். சாரம் சரிந்து விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்து, கம்பி வைத்திருந்தார்கள். அவன் பெண்டாட்டி லாண்டரிக்குப் போனால்தான் வீட்டு வாடகை நகரும். ஆகவே ஊரிலிருந்து அக்காவை விசிட் விசாவில் வரவழைத்தார்கள். தொண்ணூறு நாள் கெடு. கெடு தீரும்போதும் அவனால் ஒன்றுக்குப் போகக்கூட எழுந்திருக்க முடியவில்லை. நீட்டித்துத் தரச்சொல்லி மனுப் போட்டார்கள்.

கெடுவுக்குள் மனுப் போட்டவர்கள் முடிவு வரும்வரை தங்கலாம் என்பது அங்கே சட்டம். மனுப் போட்டு நாற்பத்தேழு நாளாகியும் முடிவு வரவில்லை. கையில் இருந்தது ஒரு ரசீது மட்டும்தான். பிளாஸ்டிக் உறையில் போட்டு, இடுப்பில் செருகிக்கொண்டுதான் வாசலையே தாண்டுவாள்.

"குப்பை கொட்டப் போறதுக்குமா அண்ணி?" என்று தம்பி பெண்டாட்டி சிரிப்பாள்.

"நம்ம நேரத்துக்குக் குப்பைத் தொட்டிக்குப் பின்னாடிதான் போலீஸ்காரன் நிப்பான்."

நாள் கணக்கு அக்காவின் பொறுப்பு. கட்டிட வேலையில் மேஸ்திரி இவளை நம்பித்தான் இருபது பேருக்கு ஆஜர் போடுவார். காலண்டரில் தினமும் ஒரு கோடு கிழித்தாள். தொண்ணூறாவது கோடு கிழித்த அன்று மனு உள்ளே போனது. "அக்கா கணக்குன்னா கம்ப்யூட்டரே கைகட்டி நிக்கணும்" என்று தம்பி படுத்தபடியே பீற்றிக்கொண்டான்.

விசா அலுவலகத்திலிருந்து நேரில் வரச்சொல்லிக் கடிதம் வந்தது. தம்பிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீரும் மூத்திரக் குடுவையும் வைத்துவிட்டு இரண்டு பேரும் கிளம்பினார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜலதோஷம் பிடித்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பாஸ்போர்ட் முத்திரையைப் பார்த்தாள், காலண்டரைப் புரட்டினாள், பென்சில் முனையால் ஒவ்வொரு நாளாகத் தொட்டு எண்ணினாள். பிறகு ஏதோ சொன்னாள். தம்பி பெண்டாட்டி அக்கா பக்கம் திரும்பினாள்.

"நாம மனுப் போட்டது தொண்ணூத்தியோராவது நாளாம் அண்ணி."

"அதெப்படி? நான் கோடு போட்டிருக்கேனே."

"எந்த நாள்லேருந்து போட்டீங்க?"

"வந்ததுக்கு மறுநாள்லேருந்து. வந்து எறங்குன அன்னிக்கு எவன் கூலி போடுவான்? மூட்டையை எறக்கி வச்சு, படுக்க எடம் பாக்கவே பொழுது போயிடும். அது நாள்ல சேர்த்தியா?"

கண்ணாடிக்காரி என்னவென்று கேட்டாள். தம்பி பெண்டாட்டி மொழிபெயர்த்தாள். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, கால் வைத்த நாள்தான் முதல் நாள் என்றாள்.

ஒரு நாள் பிந்திய மனுவுக்கு அந்தச் சட்டம் ஒதுங்க இடம் தராதாம். ரசீதை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்ததெல்லாம் அனுமதியில்லாத நாள். தவறிய ஒரு நாள் குட்டி போட்டு நாற்பத்தெட்டாகி நின்றது. பத்து நாளில் வெளியேற வேண்டும். அதற்குள் நாற்பத்தெட்டு நாள் அபராதத்தையும் கட்டியாக வேண்டும். கட்டாமல் போனால் ஐந்து வருஷம் திரும்ப வர முடியாது.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"வர முடியாட்டி போகுது. எனக்கு இங்க என்ன மாமியார் வீடா?" என்றாள் அக்கா.

"அடுத்த வருஷம் கம்பி எடுக்க இன்னொரு ஆபரேஷன் இருக்கே. அப்ப யாரு தூக்குறது? நான் வீட்ல உக்காந்தா ஆஸ்பத்திரிக்கு யாரு கட்டுறது?"

"உன் தங்கச்சி வரமாட்டாளா?"

"அவளா? தண்ணி டம்ளரைத் தூக்குனாலே அவளுக்கு மூச்சு வாங்கும்."

இரண்டு பஸ் வந்து போயின.

"என் மேல கோவமா புள்ள?"

"கோவந்தான். ஆனா நானும் ஒரு தடவை எண்ணிப் பாத்திருக்கலாம்ல."

விஷயத்தைக் கேட்ட தம்பி, "கம்ப்யூட்டர் கவுத்துடுச்சே" என்றான். பிறகு, "புடிச்சு நடக்கிற வாக்கரை இப்படி நகத்துக்கா" என்றான்.

அன்று இரண்டு எட்டு வைத்தான். ஒன்பது நாளில் குளியலறைவரை போனான். அங்கே கழிப்பறை இருக்கையில் உட்கார்ந்துவிடுவான், எழுந்திருக்க மட்டும் ஒரு கை வேண்டியிருந்தது. அதற்குச் சுவரில் ஒரு பிடியை அக்காவே துளை போட்டு முடுக்கினாள். பத்தாம் நாள் அவனாகவே அதைப் பிடித்து எழுந்தான். முகமெல்லாம் வியர்வை.

அபராதப் பணத்தைத் தம்பி பெண்டாட்டி லாண்டரி முதலாளியிடம் முன்பணமாக வாங்கிக் கட்டினாள். அவளுடைய மூன்று மாதச் சம்பளம். "என் கணக்குல விழுந்த ஓட்டை. நான்தான் அடைப்பேன்" என்று விமான நிலையத்தில் அக்கா சொன்னாள். தம்பி பெண்டாட்டி மறுக்கவில்லை, மறுக்கிற நிலையிலும் இல்லை.

ஊருக்கு வந்த மறுநாளே அக்கா செங்கல் தூக்கப் போனாள். தோள் இன்னும் சரியாகவில்லை. இடது தோளுக்கு மாற்றிக்கொண்டாள். எட்டு மாதத்தில் ஒரு மாதச் சம்பளத்துக்கு ஈடாக அனுப்பியிருக்கிறாள். தம்பி பெண்டாட்டிக்கு அவள் தரவேண்டிய இரண்டு மாதச் சம்பளம் இன்னும் பாக்கி.