மத்தியான உருண்டை

மத்தியானத்துப் போடி ரயில் உசிலம்பட்டியைத் தாண்டிப் போனதும் ஒச்சம்மாளுக்குக் கண்ணைக் கட்டும். அந்த ரயில் சத்தம்தான், மூட்டை மூட்டையாகக் கடலை அடுக்கிய கிட்டங்கியில் வேலை செய்கிற பெண்களுக்குக் கடிகாரம். அது கேட்டால் எழுந்து வெளிவாசலுக்கு வந்து, தொட்டித் தண்ணீரைக் குடித்துவிட்டு, மறுபடி உள்ளே போய் உட்கார்ந்து, பொழுது சாயும்வரை கடலை உடைக்க வேண்டும். விடியக்கருக்கலில் குடித்த கூழ் அதற்குள் இருந்த இடம் தெரியாமல் போயிருக்கும். வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை வேறு.

போன வாரம் அவள் கடலைக் குவியல் மேலேயே சாய்ந்துவிட்டாள். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பியபோது மேஸ்திரி விருமாண்டி தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தான்.

"இந்தா ஒச்சம்மா, இன்னொரு தரம் விழுந்தே, எந்திரிச்சு அப்படியே வீட்டப் பாத்துப் போயிரு. கடலைக் குமி மேல பேறுகாலம் பாக்க நம்மால ஆகாது."

இதைப் பக்கத்து வீட்டு முனியாயிதான் வந்து ஒச்சம்மாளின் மகள் தங்கப்பொண்ணிடம் சொன்னாள். அவளும் அதே கிட்டங்கியில் உடைக்கிறவள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், விருமாண்டி மாதிரி மீசையைத் தடவிக் காட்டியும் சொன்னாள். தங்கப்பொண்ணுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளுக்குப் பதினாலு வயது. அப்பன் சின்னான் மலைத்தோட்டத்து வேலைக்கு என்று ஆடியில் போனவன், போனவன்தான். கிட்டங்கிக் கூலி நின்றால் அடுப்பு நிற்கும். அது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அடுத்த தரம் ஆத்தா விழுந்து, தண்ணீர் தெளித்தும் எழுந்திருக்காவிட்டால்? இதை யாரிடம் கேட்பது? கேட்டால் பலித்துவிடுமோ என்று அதற்கும் பயம். ரயில் போகிற நேரத்துக்கு ஆத்தா வயிற்றில் ஏதாவது ஒன்று போய்ச் சேர்ந்தால் போதும் என்று மட்டும் தோன்றியது.

சேக் இஸ்மாயில் ராவுத்தர் கடையில் ஒரு சுமை சுள்ளியைப் போட்டுவிட்டு ஒரு துண்டு கருப்பட்டி வாங்கி வந்தாள். கம்பை வெறும் ஓட்டில் போட்டு, அது படபடவென்று துள்ளி வாசம் வருகிறவரை வறுத்தாள். சூட்டோடு உரலில் இடித்து, கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, துளித் தண்ணீர் தெளித்து ஒரே ஒரு உருண்டை பிடித்தாள். ரயில் வருவதற்கு முன்பே கிட்டங்கி வேலியோரம் போய் நின்றுகொண்டாள்.

ஒச்சம்மாள் ஒரு வாய் கடித்தாள். மென்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நல்லாத்தாண்டி இருக்கு. தொண்டையில குத்தவச்சுக்கிட்டு எறங்க மாட்டேங்குது."

முனியாயி எட்டிப் பார்த்தாள். "எறங்காட்டி என்ன, ஒரு எத்து எத்தவா? நீ விக்கிச் செத்தா விருமாண்டி அதுக்கும் ஆளக் கொறை சொல்லுவான்."

பாதி உருண்டைதான் உள்ளே போயிற்று. ஆனாலும் அன்றைக்கு ஒச்சம்மாள் விழவில்லை. அதுவே தங்கப்பொண்ணுக்குப் பெரிய தைரியம். சாயந்தரம் முனியாயியிடம் கேட்டாள்.

"அயித்த, எள்ளு வறுத்துப் போட்டு இடிச்சா எண்ணெ விடும்ல? அப்ப எறங்கிரும்ல?"

முனியாயி முறத்தைக் கீழே போட்டுவிட்டாள். "அடி கூறுகெட்டவளே! புள்ளத்தாச்சிக்கு எள்ளும் கருப்பட்டியுமா? நாள் தள்ளிப்போனவளுக்கு வைத்தியச்சி குடுக்குற மருந்துடி அது. புள்ள நழுவிப் போயிரும்."

தங்கப்பொண்ணு நினைத்துப் பார்த்தாள். கேட்காமலே போட்டிருந்தால்? தன் கையாலேயே அல்லவா கொடுத்திருப்பாள்? எண்ணெய் விடுகிற சாமான் ஏதாவது வேண்டும், ஆனால் ஆத்தாளுக்கு ஆகாததாக இருக்கக்கூடாது. யோசித்து யோசித்துக் கடைசியில் கடலையில் வந்து நின்றாள்.

செடி பிடுங்கிய காட்டில் மண்ணுக்குள் தப்பிப்போன கடலை கிடக்கும். தப்புக் கடலை என்று அதற்குப் பேர். அதை யார் கிளறிப் பொறுக்கினாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. தங்கப்பொண்ணு ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு ஓடைக்கு மேற்கே புளியமரத்துக் காட்டுக்குப் போனாள். வெயில் உச்சியைப் பிளக்கப் பிளக்க மண்ணைக் கிளறினாள். ஒரு கைக்குச் சேருவதற்குள் நகக்கண்ணில் ரத்தம் கட்டிவிட்டது.

வறுத்து, தொலியைக் கசக்கி ஊதி, கம்போடு சேர்த்து இடித்தபோது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. தண்ணீரே தெளிக்க வேண்டியிருக்கவில்லை. கடலை விட்ட எண்ணெயிலேயே மாவு ஒன்றையொன்று பிடித்துக்கொண்டது. உருண்டை மினுமினுவென்று உள்ளங்கையில் உட்கார்ந்தது. உலக்கைப் பூணில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து நக்கிப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஆடிக்கு அப்புறம் அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

வேலியோரம் ஒச்சம்மாள் ஒரு கடி கடித்தாள். தாடை அப்படியே நின்றுவிட்டது. மகளைப் பார்த்தாள். திரும்பிக் கிட்டங்கி வாசலைப் பார்த்தாள்.

"இதுல என்னடி போட்ட?"

"தப்புக் கடலை, ஆத்தா. நேத்தெல்லாம் பொறுக்குனேன். இப்ப எறங்குதா?"

ஒச்சம்மாள் வாயில் இருந்ததைத் துப்பவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். பிறகு மெல்ல மென்றாள்.

"எறங்குது."

முழு உருண்டையையும் தின்றாள். உள்ளங்கையில் ஒட்டியதைக்கூட நக்கினாள். அப்புறம் தொட்டிக்குப் போய் வாய் வாயாகத் தண்ணீரை அள்ளிக் கொப்பளித்தாள், விரலை விட்டுப் பல்லைத் தேய்த்தாள், மறுபடி கொப்பளித்தாள். ஆத்தா எதற்கு இம்புட்டுக் கொப்பளிக்கிறாள் என்று தங்கப்பொண்ணு பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் சலங்கை மணி கேட்டது. முதலாளியின் வண்டி. வழக்கமாகச் சந்தை நாளில் மட்டும் வருகிறவர், அன்றைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். விருமாண்டிக்கு முகம் மாறிவிட்டது. தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு கத்தினான்.

"ஏய், எல்லாரும் வரிசைக்கு வாங்க! கொப்பளிங்க!"

தங்கப்பொண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. வேலி இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள். வாசலில் ஒரு கறுப்புக் கல் கிடந்தது. பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து, கலயத்திலிருந்து ஒரு வாய் தண்ணீர் எடுத்து, கொப்பளித்து, அந்தக் கல்லின் மேல் துப்பினார்கள். விருமாண்டி குனிந்து பார்த்து, "போ" என்றான். உடைக்கிற கடலையை யாராவது வாயில் போட்டிருந்தால் தண்ணீர் அரிசி கழுவியது மாதிரி வெளுத்து வரும். தினமும் பொழுது சாய்ந்து கலையும்போது நடக்கிற சோதனை. முதலாளி வந்ததால் அன்றைக்கு நேரத்தோடு நடக்கிறது. ஒச்சம்மாள் வீட்டில் ஒருநாளும் இதைச் சொன்னதில்லை.

தங்கப்பொண்ணுக்கு இப்போதுதான் புரிந்தது. ஆத்தா கடைசி ஆளாகப் போய் நின்றாள். எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு தள்ளிப்போட்டாள். கலயத்தை எடுத்தாள். கொப்பளித்தாள். துப்பினாள்.

கறுப்புக் கல்லின் மேல் வெள்ளையாக ஓடியது.

"ஒச்சம்மா..." என்றான் விருமாண்டி.

தங்கப்பொண்ணு வாசல் வழியாக உள்ளே ஓடினாள். "அய்யா, நான்தான் குடுத்தேன்! எங்க வீட்டுல இடிச்ச உருண்டை! கிட்டங்கிக் கடலை இல்லய்யா!"

முதலாளி வண்டியை விட்டு இறங்கவில்லை. "உங்க வீட்டுல கடலை வெளையுதோ?"

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

"தப்புக் கடலை, சாமி. பொறுக்குனேன்."

"எந்தக் காட்டுல?"

"ஓடைக்கு மேக்க... புளியமரத்துக் காட்டுல."

சொல்லி முடித்ததும் சிரித்தவளும் வாயை மூடிக்கொண்டாள். விருமாண்டி தரையைப் பார்த்தான். அந்தக் காடு யாருடையது என்று தங்கப்பொண்ணுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அப்ப நம்ம கடலைதான்" என்றார் முதலாளி.

"தப்புக் கடலைங்க... அத யாரும் கேக்குறது..." விருமாண்டி ஆரம்பித்தான். முதலாளி திரும்பிப் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிவிட்டான்.

"இனிமே தண்ணி குடிச்சுட்டு உள்ள போறப்பவும் ஒருக்கா கொப்பளிக்கச் சொல்லு" என்று மட்டும் சொன்னார். வண்டி போய்விட்டது.

வெளிவாசல் வரை விருமாண்டி கூடவே வந்தான். "நீ எடுக்கலன்னு எனக்குத் தெரியும், ஒச்சம்மா. ஆனா கல்லு மேல வெளுப்பு நிக்குதே. அம்புட்டுப் பேரும் பாத்துட்டாகளே. இனி ஒன்ன எப்பிடி வேலைக்கு உள்ள விட? நான் என்ன செய்ய, சொல்லு?"

"நீங்க என்ன செய்வீக" என்றாள் ஒச்சம்மாள். கேள்வியாக இல்லை, அவனுக்கு ஆறுதல் சொல்வது போல இருந்தது.

"வேணும்னா ஒண்ணு செய்யி. நாளைக்குப் புள்ளைய அனுப்பு. ஓம் எடத்துல உக்காரட்டும்."

அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். அதனால்தான் மாட்டேன் என்று சொல்லவும் முடியவில்லை.

ரயில் பாதையோரம் நடந்து வரும்போது தங்கப்பொண்ணு தேம்பித் தேம்பி அழுதாள். "கடலைன்னு தெரிஞ்சதும் துப்பியிருக்கலாம்ல ஆத்தா? ஏன் தின்ன?"

தண்டவாளத்தைத் தாண்டும்போது ஒச்சம்மாள் மகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பசிச்சுச்சுடி" என்றாள்.

மறுநாள் தங்கப்பொண்ணு எழுந்தபோது ஒச்சம்மாள் உரலைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவுவாள், குனிந்து மோந்து பார்ப்பாள், மறுபடி கழுவுவாள். அப்புறம் கம்பை இடித்துக் கருப்பட்டி சேர்த்து ஒரு உருண்டை பிடித்தாள். கடலை இல்லை, எள்ளும் இல்லை. மகள் மடியில் அதை முடிந்துவிட்டாள். "மத்தியானம் தின்னுரு. விக்கும். தண்ணி குடிச்சுக்க."

கிட்டங்கியில் ஆத்தா உட்கார்ந்த இடத்திலேயே தங்கப்பொண்ணை உட்கார வைத்தார்கள். சாக்கைத் தட்டித் தட்டிக் கடலையைக் கொட்டினார்கள். உடைக்க உடைக்கப் பச்சைப் பருப்பின் வாசம் மூக்கில் ஏறியது. வாயில் எச்சில் ஊறியது. எச்சில் ஊறினதற்கே பயந்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். மத்தியானம் ஆக ஆகக் குவியல் மங்கலாகத் தெரிந்தது. எதிரே இருந்தவள் முகம் ரெண்டாகத் தெரிந்தது. ஆத்தா தினமும் இப்படித்தான் இருந்தாளா?

ரயில் போயிற்று. எல்லோரும் தொட்டிக்கு எழுந்து போனார்கள். மடியை அவிழ்க்கிறவர்கள் ஒருத்தரும் இல்லை. முந்தி பொட்டுக்கடலையோ அவலோ ஒரு பிடி கொண்டுவருகிறவர்கள்கூட வெறும் தண்ணீரைக் குடித்தார்கள்.

"ஓம் ஆத்தா தின்ன ஒத்த உருண்டைக்கு நாங்க அம்புட்டுப் பேரும் ரெண்டு வேளை வாயைத் தொறக்க வேண்டியிருக்கு, பாத்தியா" என்றாள் முனியாயி, எல்லோருக்கும் கேட்கும்படி. தங்கப்பொண்ணு மடி முடிச்சில் கை வைத்ததைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். "அதத் தின்னுராதடி. கம்பு மாவும் வெளுக்கும். கம்பு எது, கடலை எதுன்னு விருமாண்டிக்குத் தெரியும். தெரிஞ்சு என்ன? நேத்தும்தான் தெரிஞ்சுச்சு."

தங்கப்பொண்ணு முடிச்சை விட்டுவிட்டாள்.

கல் முன்னால் போய் நின்றாள். விடிந்ததிலிருந்து கூழைத் தவிர ஒன்றும் தின்னவில்லை என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் கலயம் பல்லில் இடித்தது. துப்பினாள். தண்ணீர் ஓடிய இடத்தில் கறுப்புக் கல் கறுப்பாகவே தெரிந்தது.

"போ" என்றான் விருமாண்டி. அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை.

உள்ளே போய் உட்கார்ந்தவள் விழாமல் இருக்க, கட்டைவிரலில் நகத்தை அழுத்தி அழுத்தி வைத்துக்கொண்டாள். பொழுது சாய்ந்து, ரெண்டாம் தரமும் துப்பிவிட்டு, ரயில் பாதையைத் தாண்டி யாரும் இல்லாத இடத்துக்கு வந்த பிறகுதான் முடிச்சை அவிழ்த்தாள். உருண்டை வெயிலில் காய்ந்து கல்லாகியிருந்தது. வீடு வந்து சேருவதற்குள் விக்கி விக்கி அதை முழுங்கினாள்.

ஒச்சம்மாள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். "மத்தியானம் உருண்டை தின்னியா?"

"தின்னேன் ஆத்தா."

"விக்குச்சா?"

"இல்ல."

ஒச்சம்மாள் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உள்ள போறப்ப கொப்பளிக்கச் சொன்னாகளா?"

"ம்."

"தண்ணி எப்பிடி இருந்துச்சு?"

"தெளிவா இருந்துச்சு ஆத்தா" என்றாள் தங்கப்பொண்ணு, ஆத்தாளுக்கு நிம்மதியாக இருக்கட்டும் என்று.

ஒச்சம்மாள் தலையை ஆட்டினாள். சுவரைப் பிடித்து எழுந்து உள்ளே போனாள். மறுநாள் உருண்டைக்கென்று முறத்தில் எடுத்து வைத்திருந்த கம்பைத் திரும்பப் பானையிலேயே கொட்டுகிற சத்தம் கேட்டது.