பதினொன்றுக்கு அடுத்தது

கம்பவுண்டர் சவுரிராயனுக்குத் திண்டிவனத்தில் தெரிந்த முகங்கள் ஆயிரம் இருக்கும். அவரைத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. இருபத்தாறு வருஷமாக ஆபரேஷன் மேஜையின் தலைமாட்டில் உட்கார்ந்து மயக்கம் வரக் குளோரோபாரம் சொட்டு விடுகிறவரை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? படுக்கும்போது நோயாளி பயத்தில் இருப்பான். எழுந்திருக்கும்போது வாந்தியில் இருப்பான். குணமாகிப் போகிற அன்று தேங்காய் பழமெல்லாம் டாக்டருக்குத்தான். மனைவி இருந்தவரை வீட்டிலாவது ஒரு குரல் இருந்தது. அவள் போய் நாலு வருஷம் ஆகிறது.

அவருடைய வேலையில் ஒரு முறை உண்டு. முகத்தில் துணிமூடியை வைத்ததும், "ஒண்ணுலேந்து எண்ணிக்கினே வா" என்பார். எண்ணிக்கை குழறும், தடம் மாறும், நின்றுவிடும். நின்றதும் டாக்டரைப் பார்த்துத் தலையசைப்பார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருஷம் கார்த்திகையில் அஞ்சம்மாள் என்று ஒரு வயசானவள் வந்தாள். காலுக்கு ரத்தம் போகிற குழாய் அடைத்து, பாதம் கரியாகிப் போயிருந்தது. பதினொன்று வரை எண்ணினாள். எண்ணிக்கையோடு மூச்சும் நின்றது.

"வயசான இருதயம், உம்ம மேல தப்பு இல்ல" என்று அப்போதிருந்த டாக்டர் சொல்லிவிட்டு மாற்றலாகிப் போய்விட்டார். சவுரிராயன் எங்கே போவார்? ஜெபமாலை உருட்டும்போதுகூடப் பத்தாவது மணியைத் தாண்டுகிற இடத்தில் அவர் கை நின்றுவிடும். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஆள் வேண்டுமே.

அடுத்த வருஷம் பச்சைமுத்துவைக் கட்டிலில் பார்த்தபோது அவருக்கு அஞ்சம்மாள்தான் ஞாபகம் வந்தாள். அதே கறுப்பு, அதே நாற்றம், எழுபது வயசு, காலை எடுத்தே ஆக வேண்டும். விழுப்புரத்துக்கு அந்தண்டை ஊர். நாற்பது வருஷம் மல்லாட்டைக் களத்தில், நிலக்கடலையை மரக்கால் என்கிற அளவைப் பாத்திரத்தால் மூட்டை மூட்டையாக அளந்த ஆள். வண்டிக்காரன் ஒருவன் கொண்டுவந்து இறக்கிவிட்டதோடு சரி, அப்புறம் ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

சவுரிராயன் நேரே புது டாக்டர் வெங்கடாசலத்திடம் போய் நின்றார். "குளோரோபாரம் வாணாம் சார். இந்தப் பெரியவரு தாங்க மாட்டாருங்க."

"நானும் அதத்தான் நெனச்சேன்," என்றார் டாக்டர். "முதுகுத்தண்டுல ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ மரத்துப்போக வெச்சிடலாம். ஆள் முழிச்சிக்கிட்டுத்தான் இருப்பார். ஆனா ரத்த அழுத்தம் திடீர்னு இறங்கிடும். நீங்க நாடியைப் புடிச்சிக்கிட்டு, அவரைப் பேச வெச்சிக்கிட்டே இருக்கணும். பேச்சு நின்னா உடனே எனக்குச் சொல்லணும்."

தூங்க வைத்தே பழகிய மனிதரைப் பேச வைக்கச் சொன்னால்? மறுநாள் காலை ஊசி போட்டு, இடுப்புக்கு மேலே திரையும் கட்டியாயிற்று. பச்சைமுத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மேஜையில் கத்தி எடுக்கிற நேரத்தில் விழித்திருக்கும் கண்களை சவுரிராயன் பார்த்ததே இல்லை. என்ன பேசுவது என்று தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான்.

"எண்ணுங்க பெரியவரே."

"எத எண்ணட்டும்?"

"களத்துல அளப்பீங்களே, அது மாதிரி எண்ணுங்க."

பெரியவரின் முகம் தெளிந்தது. முதல் மரக்காலை ஒன்று என்று களத்தில் யாரும் சொல்வதில்லை. "லாபம்..." என்று இழுத்து ராகமாகத் தொடங்கினார். "ரெண்டு... மூணு..." திரைக்கு அந்தப் பக்கம் கத்தி இறங்கியது. பெரியவர் முகம் சுளிக்கவில்லை. பத்து வந்தது. பதினொன்று. சவுரிராயன் நாடியை அழுத்திப் பிடித்தார். பன்னிரண்டு என்று காதில் விழுந்த பிறகுதான் அவருக்கே மூச்சு வந்தது.

இருபத்துநாலு வரை வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை.

"பெரியவரே?" கண் விட்டத்தைப் பார்த்துத் திறந்திருந்தது. உதடு அசையவில்லை. "பெரியவரே, பேசுங்க!" கன்னத்தைத் தட்டிப் பார்த்தார். "சார், பேச்சு நின்னுபோச்சு சார்!" என்று ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார் சவுரிராயன். டாக்டர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். நர்ஸ் ராஜாமணி ஊசி மருந்தை எடுக்க ஓடினாள். விரலுக்கு அடியில் நாடி ஓடிக்கொண்டுதான் இருந்தது. பயத்தில் அவர் அதை நம்பவில்லை.

"லாபம்," என்றார் பெரியவர்.

எல்லோரும் நின்றார்கள்.

"இன்னாங்கய்யா இது பேஜாரு!" பெரியவர் சலித்துக்கொண்டார். "இருவத்திநாலு மரக்கா ஒரு மூட்ட. ரொம்புன மூட்டைய நவுத்திட்டு வெறுஞ்சாக்கு புடிக்க வாணாமா? அதுவரிக்கும் அளக்கறவன் வாயத் தொறக்கலாமா? நடுவுல பேச்சு குடுத்தா கணக்கு பூடும்."

டாக்டர் சிரித்தேவிட்டார். பதினாறு மூட்டை அளந்து முடிப்பதற்குள் கால் போய், தையலும் போட்டாகிவிட்டது. ஒவ்வொரு முறை மூட்டை மாறும்போதும் சவுரிராயனுக்கு மட்டும் உயிர் போய்ப் போய் வந்தது.

சாயங்காலம் மரப்பு விட்டு வலி ஏறத் தொடங்கியது. வலிக்கு மார்பியா ஊசி கால் பங்குதான் போட்டிருந்தார்கள். அதற்கு மேல் போட்டால் வயசான மூச்சு அடங்கிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வீட்டுக்குக் கிளம்பிய சவுரிராயன் வார்டு வாசலில் நின்றார். வீட்டில் அவருக்காகக் காத்திருந்தது பூட்டு ஒன்றுதான். உள்ளே போய்க் கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"கம்பவுண்டர் ஐயாதானே?" என்றார் பெரியவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஒரு நோயாளி அவரை அடையாளம் கண்டுகொண்டது இதுதான் முதல் தடவை. ஆமாம் என்று தலையாட்டினார்.

"ஏங்கய்யா காலைல அப்டிக் கத்துனீங்க?"

சவுரிராயன் சொல்லிவிட்டார். அஞ்சம்மாள், கறுத்த பாதம், பதினொன்று, ஒன்று விடாமல் எல்லாவற்றையும். "சொட்டு விட்டது இந்தக் கையிதாங்க. அந்தம்மா எண்ணுனது இன்னும் எங்காதுல கேட்டுக்கினே இருக்குது."

வலியின் ஒரு அலை வந்து போகும்வரை பெரியவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "அளந்துக்கினு இருக்கசொல்ல களத்துல ஒருத்தன் மயங்கி வுழுந்துட்டான்னா, மூட்டையக் கொட்டிட்டு முதல்லேந்து அளக்க மாட்டோங்க. பக்கத்துல நிக்கறவன் மரக்கால வாங்கி, அவன் உட்ட எடத்துலேந்து அளப்பான். அரமூட்டைய அப்டியே உட்டுட்டு யாரும் களத்த உட்டுப் போவக் கூடாது."

கையை நீட்டி சவுரிராயனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பன்னெண்டு," என்றார்.

சவுரிராயன் அழுதார். யாரும் பார்க்கிறார்களா என்றுகூடப் பார்க்கவில்லை. வலி கூடிய இடங்களில் பெரியவருக்கு எண் உடைந்தது. பதினெட்டில் மூச்சு முட்டி நின்றுவிட்டார். பத்தொன்பதை சவுரிராயன் சொன்னார். அங்கிருந்து இருவரும் சேர்ந்தே எண்ணினார்கள்.

இருபத்துநாலு ஆயிற்று. பெரியவர் வாயை மூடிக்கொண்டார். விரலுக்கு அடியில் நாடி ஓடிக்கொண்டிருந்தது. சவுரிராயன் இந்தத் தடவை யாரையும் கூப்பிடவில்லை. சாக்கு மாறட்டும் என்று பேசாமல் உட்கார்ந்திருந்தார்.